காரணம் தெரியவில்லை

பணகுடிக்குக் கிழக்கே இரவுப் பணி.
நூற்றுப் பன்னிரண்டு காற்றாலைகள்,
தலைக்கு ஒரு சிவப்பு விளக்கு,
எல்லாம் ஒன்றாகக் கண்சிமிட்டும்.
ஒன்றாக என்றால் முழுக்க அப்படியில்லை.
பதினேழாம் எண் மட்டும்
அரை நொடி பிந்தும்.

அந்த அரை நொடிக்குள்தான்
அவனை வைத்திருக்கிறேன்.

அவன் என்பது பழக்கதோஷம்.
ஆணா பெண்ணா என்று அவனுக்கே அக்கறையில்லை.
தோல் நுங்கின் உள்சதை மாதிரி,
டார்ச் அடித்தால் மறுபக்கம் தெரியும்.
காது கிடையாது.
கேட்பதையெல்லாம் முழங்கையால் கேட்பான்.
ஆகவே நான் ஏதாவது சொன்னால்
பக்கத்தில் வந்து சாய்ந்தாக வேண்டும்.
அதை நன்றாக யோசித்துத்தான் செய்தேன்.

எனக்கு முப்பத்தாறு. டிப்ளமோ, எலெக்ட்ரிக்கல்.
ஏழு தடவை பெண் பார்த்துப் போனார்கள்.
வள்ளியூர்க்காரர் “ராத்திரி வேலையா?” என்று
மிக்சர் தட்டைத் தள்ளிவைத்தார்.
திசையன்விளைக்காரர்
ஊர், தெரு, தாய்மாமன்,
தாய்மாமனின் சம்பந்தி வரை விசாரித்துக்கொண்டே போய்
ஏதோ ஒரு பெயரில் இடறி எழுந்தார்.
எந்தப் பெயர் என்று
இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இவன் “நீ யாரு மவ?” என்று கேட்கமாட்டான்.
தெருவைச் சொன்னால்
தெரு என்றால் என்ன என்பான்.
அதை நான் விளக்கப்போவதும் இல்லை.

எங்கள் பக்கத்தில் இது புதுசும் அல்ல.
குளத்தங்கரையில் தனியாக நின்றாளென்று,
கந்தர்வன் பிடித்துவிட்டானென்று
என் சித்திக்கு வேப்பிலை அடித்தார்கள்.
ஒன்பது நாள் சிரித்த முகமாகவே இருந்தாளாம்.
அதுதான் நோய்க்குறி.
பத்தாம் நாள் குணமாகி
ராதாபுரத்தில் வாக்கப்பட்டாள்.
கந்தர்வன் என்ன ஆனானென்று
யாரும் விசாரிக்கவில்லை.
அப்போது மாலை போட்டு மேகத்தில் வந்தவன்
இப்போது தட்டில் ஏறி வருகிறான்,
அவ்வளவுதான் வித்தியாசம்
என்று நினைத்துக்கொள்வேன் சில ராத்திரி.
சில ராத்திரி அப்படியும் தோன்றாது.
வெறுமனே வேண்டியிருக்கும்.

போன வெள்ளி தவசிக்கனியிடம் சொல்லிவிட்டேன்.
பராமரிப்புப் பிரிவு. எண்பது மீட்டர் ஏணி ஏறுகிறவன்.
சிரிப்பானென்று நினைத்தேன்.
“எனக்கும் ஒருத்தி உண்டும்லா” என்றான்.
பச்சை நிறம். பின்னல். மூக்குத்தி.
கை மட்டும் ஆறு, ஆறிலும் வளையல்.
“இது நம்ம பஸ் ஸ்டாண்டு நகைக்கட போர்டுல நிக்கவல்லா?”
“அவளேதான். பச்சையடிச்சிட்டேன்.”

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.
இவ்வளவு தூரம் போய்
இதைத்தானா கொண்டுவந்தாய் என்று.
“ஆறு கை எதுக்கு?”

ரொம்ப நேரம் திரையைப் பார்த்தான்.
“மேல நிக்கையில ஆடும்.
ஆடத்தான் செய்யும், அது ஒண்ணுமில்ல.
ஆனா ரெண்டு கை பத்தாதுன்னு தோணும்.
நாலு கை கம்பியப் புடிச்சிக்கிடட்டும்.
மிச்ச ரெண்டும் சும்மா இருந்தா போதும்.”

அதற்குப் பிறகு பேச்சில்லை.
ஒரு மணிக்கு மகேந்திரகிரிப் பக்கம்
எஞ்சின் சோதனை.
ஜன்னலுக்கு முன்னால், டம்ளருக்கு முன்னால்
மேசையில் ஊன்றியிருந்த என் முழங்கைக்கு
முதலில் கேட்டது.
கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்,
திருடியதுபோல.

இரண்டு நாற்பதுக்குப் பதினேழு நின்றது.
விளக்கும் போனது.
நேரம் எழுதினேன். காற்றின் வேகம் எழுதினேன், நல்ல காற்று.
காரணம் என்ற கட்டத்தில்
தெரியவில்லை என்று எழுதினேன்.

தவசிக்கனி எழுந்து
இடுப்புவாரைத் தேட ஆரம்பித்தான்.
“விடியட்டும்” என்றேன்.
“ஒனக்கு ரெண்டு கைதான இருக்கு.”